வடாலாவில் காலியாகும் இருக்கை

மும்பைக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டவள் ஒருத்திதான். மற்றவர்களும் கேள்வி கேட்டார்கள். காவலாளி அடையாள அட்டை எங்கே என்றார், கல்லூரி அலுவலகத்தில் புகைப்படம் இன்னும் இரண்டு வேண்டும் என்றார்கள், லிஃப்டில் எந்த மாடி என்றார்கள். அதெல்லாம் கேள்வியே இல்லை. இவள் கேட்டது வேறு.

காலை வண்டி. பெண்கள் பெட்டி. நான் வாஷியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். செம்பூரில் ஒரு கூட்டம் ஏறியது. அதில் ஒருத்தி, நாற்பத்தைந்து வயது சொல்லலாம், மெல்லிய வாயில் புடவை, ஒரு தோளில் அலுவலகப் பை, இன்னொரு தோளில் சாப்பாட்டுப் பை, நேராக என் முன்னால் வந்து நின்று இந்தியில் ஏதோ கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"எனக்கு இந்தி தெரியாதும்மா" என்றேன்.

"அரே, தமிழா!" என்று அவள் முகம் மலர்ந்தது. "எங்க எறங்கறேள் மாமி?"

என்னை அதுவரை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் நான் டீச்சர், அல்லது ஆன்ட்டி. மாமியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். வடாலாவில் இறங்குவேன், அங்கிருந்து மாட்டுங்காவுக்குப் போவேன், அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கோடை வகுப்பு எடுக்க வந்திருக்கிறேன், நகரத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடும் கணக்குதான் என் பாடம், நான் மலேசியா, ஈப்போ, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெயில் பரவாயில்லை, எங்களுக்கு வருடம் முழுவதும் இதே வெயில்தான். இவ்வளவும் சொன்னேன். அவள் வடாலா என்ற சொல்லுக்குத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு சொன்னதை எல்லாம் ஜன்னல் கம்பிதான் கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

குர்லாவில் ஏறிய ஒரு பருத்த பெண்மணியும் என் முன்னால் நின்று அதே இந்திக் கேள்வியைக் கேட்டாள். இப்போது எனக்கு அந்தச் சொற்கள் பழகிவிட்டன. "வடாலா" என்றேன், பெருமையாக. என்ன அன்பான ஊர், ஒரு கிழவி எங்கே போகிறாள் என்று எத்தனை பேர் விசாரிக்கிறார்கள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

வடாலாவில் நான் எழுந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் இருக்கையில் பாய்ந்தார்கள். இந்தியில் பெரிய சண்டை. யாருடைய முழங்கையோ என் விலாவில் இடித்தது. செம்பூர்க்காரி அவளைத் திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன மாமி இது? ஒரு சீட்டை ரெண்டு பேருக்கு யாராவது குடுப்பாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் என்னை நடைமேடையில் தள்ளிவிட்டது. பையின் வார் மட்டும் உள்ளே யாருடைய வளையலிலோ மாட்டி, கடைசி நொடியில்தான் விடுபட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் யாருக்கு எதைக் கொடுத்தேன்?

வகுப்பில் இதை ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு வகுப்பே குலுங்கியது. தாராவியிலிருந்து வரும் ஒரு மாணவி முதல் வரிசையில் இருந்தாள். அவளுடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள், ஆனால் பேசினால் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்போலப் பேசுவாள். அவள்தான் இரக்கப்பட்டு விளக்கினாள்.

"மேடம், அவுக ஒங்களப் பத்திக் கேக்கல. ஒங்க சீட்டப் பத்திக் கேட்டிருக்காவ. இங்க அப்படித்தான். எங்க எறங்குதியன்னு கேப்பாவ. நீங்க ஸ்டேஷன் பேரச் சொல்லிட்டியன்னா அந்த சீட்டு அவுகளுக்குன்னு அர்த்தம். புக்கிங். நீங்க டபுள் புக்கிங் பண்ணிட்டிய."

எல்லோரும் இன்னொரு தடவை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத வேண்டியதைவிட அதிகமாக எழுதிக்கொண்டிருந்தேன். மூக்கு உடைந்தால் கொஞ்ச நேரம் யாருக்கும் முகத்தைக் காட்டாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு சின்ன விஷயம் ஏன் அப்படிச் சுட்டது என்று சொல்ல வேண்டும்.

என் கணவர் போனபின் ஈப்போவில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஒரே மகன் மெல்பர்னில் இருக்கிறான். அவனுக்கு ஒரே பாட்டு: வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நானும் அவரும் கட்டிய வீடு. குழாய் போட வந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சரிவு கணக்குப் போட்டு, நானே நின்று பதிக்கவைத்த குழாய்கள் அதில் இருக்கின்றன. விற்கமாட்டேன் என்றேன். "தனியா எப்படிம்மா இருப்பீங்க" என்றான். இருப்பேன் என்றேன். "இருந்து காட்டுங்க" என்று சொல்லாமல் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கோடை, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வேண்டும், தங்க வீடு தருகிறோம். என் மகன் வேண்டாம் என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாஷை தெரியாத ஊரில், ஒரு கோடை முழுக்க, யார் துணையும் இல்லாமல் நான் இருந்து காட்டினால் வீட்டு விற்பனைப் பேச்சை நீ எடுக்கக் கூடாது, காட்ட முடியாவிட்டால் நீ சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். அவன் அப்பாவைப்போல, சொன்ன சொல் மாறாதவன். ஆகவே நான் மும்பைக்கு வந்தது குழாய்க் கணக்கு சொல்லிக்கொடுக்க மட்டுமல்ல. என் வீட்டைப் பணயம் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஈப்போவில் எல்லோரும் "ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள். எந்த ஊர்? எனக்குத் தமிழ்நாடே கோயில் சுற்றுலாவில் பார்த்த ஊர்தான். மும்பை சுத்த வெளிநாடு.

கல்லூரி தந்த வீடு வாஷிக்குப் பக்கத்தில், சான்பாடாவில், ஏழாவது மாடியில் இருந்தது. சுத்தமான வீடு, எல்லா வசதியும் உண்டு. எதிர்வீட்டில் ஒரு தென்னிந்தியக் குடும்பம். காலையில் அங்கே கடுகு தாளிக்கும் வாசனை என் கதவிடுக்கில் வரும். கதவு மட்டும் திறந்ததே இல்லை. லிஃப்டில் பார்த்தால் அந்த அம்மாள் புன்னகைப்பாள், நான் புன்னகைப்பேன், ஏழு மாடிகளுக்கும் அந்த ஒரு புன்னகையையே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் வீடு திரும்பினால் நான் சாவியை மேஜையில் வைக்கும் சத்தம்தான் அந்த வீட்டின் முதல் பேச்சு. சில நாள் வேண்டுமென்றே ஓங்கி வைப்பேன்.

கல்லூரியிலும் ஆட்கள் இனிமையானவர்கள்தான். "சாப்டாச்சா மேடம்?" என்பார்கள், ஆச்சு என்பதற்குள் தாண்டிப் போயிருப்பார்கள். என் பாடப் புத்தகத்தில் குழாய் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் நிறைந்து ஓடும். முதல் நாள் அப்படி ஒரு கணக்கைக் கொடுத்தேன். புறநகர் கல்யாணிலிருந்து வரும் ஒருவன் கையைத் தூக்கி, தன் வீட்டில் தண்ணீர் வருவது விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் என்றான். தாராவி மாணவி, "எங்களுக்கு வந்தாத்தான் மேடம் வந்துச்சுன்னு சொல்லமுடியும்" என்றாள். அன்றிலிருந்து காலிக் குழாயில் தண்ணீர் நுழையும்போது உள்ளே இருக்கும் காற்று என்ன ஆகும் என்பதே எங்கள் பாடமாகிவிட்டது. நான் எடுத்த வகுப்புகளிலேயே நல்ல வகுப்பு அது. அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். ஆனால் மணியடித்ததும் எல்லோருக்கும் ஒரு ரயில் இருந்தது. நான் கரும்பலகையைத் துடைத்துத் திரும்புவதற்குள் அறை காலியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் காணொளியில் அழைப்பான். முதல் ஞாயிறே கேட்டான். "பேச்சுத் துணைக்கு யாராவது கிடைச்சாங்களாம்மா?"

நான் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ஓ, ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சிருக்கா. செம்பூர்ல இருக்கா. தினமும் ஒண்ணாத்தான் போறோம்."

அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. என் சீட்டுக்காகச் சண்டை போட்டவளைத் தோழியாக்கிவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். அடுத்த ஞாயிறு அவன் அவளைப் பற்றிக் கேட்பான் என்று தெரியும். அதனால் செம்பூர்க்காரியைக் கவனிக்க ஆரம்பித்தேன். மறுநாள் அவள் ஏறியதும் நானே கூப்பிட்டேன். "இங்க வாங்க. வடாலாவில இந்த சீட் உங்களுக்குத்தான். வேற யாருக்கும் இல்ல."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நெஜமா? நாளைக்கும்?"

"தினமும்."

"அப்பறம் பேச்சு மாறப்படாது" என்றாள், கண்டிப்பாக.

நான் மாறவில்லை. அன்றிலிருந்து குர்லாவில் யார் கேட்டாலும் "புக்டு, புக்டு" என்று கையை ஆட்டுவேன். செம்பூரில் அவள் ஏறுவாள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முன்னால் நிற்பாள், புருவத்தைத் தூக்குவாள், நான் தலையசைப்பேன். வடாலா நெருங்கும்போது நான் பையைத் தோளில் மாட்டுவேன், அவள் ஒரு காலை முன்னால் வைப்பாள். நான் எழுந்து அவள் உட்காருவதற்குள் இடையில் ஒரு தாள்கூட நுழையாது. அவ்வளவு நேர்த்தியாக நாங்கள் இருவரும் பழகிவிட்டோம்.

நான் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். "இன்னிக்கு என்ன சமையல்?" என்றால் "ஏதோ ஒண்ணு மாமி" என்பாள். "மழை எப்ப வரும்?" என்றால் "வரும்" என்பாள். வாயைப் பிடுங்கினாலும் இரண்டு சொல்லுக்கு மேல் வராது. பெயர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் பக்கத்தில் நின்றவளிடம் என்னைக் காட்டி "வடாலா மாமி" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பட்டத்தை வீடு போய்ச் சேரும்வரை நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

கிடைத்த துணுக்குகளை வைத்து ஞாயிறுதோறும் கதை கட்டினேன். அவள் கடைசி நிலையமான வி.டி.க்கு அருகே, ஃபோர்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள்; அது உண்மை, கழுத்து அட்டையில் பார்த்தது. பாலக்காட்டுக் குடும்பம், அதுவும் உண்மை, யாருடனோ தொலைபேசியில் பேசியபோது கேட்டது. எனக்கு மோர்க்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள், அது பொய். ஆனால் அவள் பையிலிருந்து மோர்க்குழம்பு வாசனை வந்தது உண்மை.

மழை வந்தது. வந்த வேகத்தில் என்னை நனைத்துக் காய்ச்சலில் தள்ளியது. கல்லூரிக்குச் செய்தி அனுப்பினேன், ஓய்வெடுங்கள் என்று பதில் வந்தது. கீழே மருந்துக் கடைவரை போய் மாத்திரை வாங்கிவந்தேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. ரொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது. ஏழாவது மாடி ஜன்னலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். தட்டினால் என்ன சொல்வது? நான் எதிர்வீடு, எனக்குக் காய்ச்சல், கொஞ்சம் கஞ்சி வேண்டும். எளிய வாக்கியம். அது என் வாயில் வரவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன். வறட்டுக் கௌரவம் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

அன்று ஞாயிறு. மகன் அழைத்தான். காணொளியை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தேன்.

"மழையில நெட்வொர்க் சரியில்லைப்பா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"வகுப்பில கத்திக் கத்தி."

"உங்க செம்பூர் ஃப்ரெண்ட் எப்படி இருக்காங்க?"

காய்ச்சல் தலைக்கேறியிருந்தது என்று நினைக்கிறேன். "இங்கதான் இருக்கா" என்றேன். "சமையலறையில. எனக்கும் சேர்த்து ரசம் வைக்கிறா."

"அப்படியா! குடுங்கம்மா, ஒரு ஹலோ சொல்றேன். நான் தேங்க்ஸ் சொல்லணும் அவங்களுக்கு."

"கை ஈரமா இருக்குப்பா அவளுக்கு. அடுத்த தடவை பேசு."

"சரி, என் தேங்க்ஸை சொல்லிடுங்க" என்றான். அவன் குரலில் அத்தனை சந்தோஷம். வைத்துவிட்டான்.

நான் சமையலறையைப் பார்த்தேன். விளக்குப் போடவில்லை. அடுப்பின் மேல் காலையில் வெந்நீர் வைத்த பாத்திரம் இருந்தது. அழுதேன். காய்ச்சலால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் காய்ச்சலால் அல்ல. அந்த வீட்டில் நான் செத்துப்போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். கல்லூரிக்கா, எதிர்வீட்டுக்கா என்று பார்த்ததில் குர்லாவில் ஏறும் அந்தப் பருத்த பெண்மணி என் சீட்டில் வேறொருத்தியைப் பார்த்து முதலில் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

காய்ச்சல் விட்டதும், கால் இன்னும் துணியாகத் துவண்டுகொண்டிருக்கும்போதே, கிளம்பிவிட்டேன். வகுப்பு போகிறதே என்பது ஒரு காரணம். இன்னொரு நாள் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது என்பதுதான் பெரிய காரணம். வாஷியில் ஏறினேன், அதே ஜன்னல் கிடைத்தது.

செம்பூரில் அவள் ஏறினாள். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போய்ட்டேள் மாமி? இத்தன நாளா யாரோ ஒருத்தி ஒங்க எடத்துல. வி.டி. வரைக்கும் அசையவே மாட்டேங்கறா. நேக்கு நின்னு நின்னு முதுகே போயிடுத்து!"

அவள் தேடியது என்னையா, சீட்டையா? எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் கலங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். குனிந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். மும்பைக்கு வந்தபின் கூட்ட நெரிசலில் எத்தனையோ பேர் என்மேல் இடித்திருக்கிறார்கள். என்னைத் தொட்டது அவள்தான்.

"ஜுரமா? ஆத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

வடாலாவில் நான் எழுந்தேன், கண் இருட்டியது, கம்பியைப் பிடித்தேன். என் இருக்கை காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். குர்லாக்காரி நம்ப முடியாமல் அதில் போய் விழுந்தாள். செம்பூர்க்காரி என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பிடித்து நடைமேடையில் இறக்கினாள். வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது.

"உங்க ஆபீஸ்?" என்றேன்.

"போனாப் போறது. ஒரு லேட் மார்க்."

பெஞ்சில் உட்காரவைத்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மோர் கொடுத்தாள். உப்பும் பெருங்காயமும் போட்ட மோர். குடிக்கக் குடிக்க உயிர் வந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள், நான் சமைக்கிறேன், என் மகன் உங்களுக்கு நன்றி சொல்லக் காத்திருக்கிறான். அழைப்பு நாக்கு நுனியில் இருந்தது.

"உங்களுக்கு என்னால ரொம்பத் தொந்தரவு. ஒரு சீட்டுக்காக" என்று ஆரம்பித்தேன்.

"அது சீட்டு மட்டும் இல்ல மாமி" என்றாள் அவள். அவ்வளவு நீளமாக அவள் பேசி அன்றுதான் கேட்டேன். "ஆத்துல நாங்க எட்டுப் பேர். ரூம் ஒண்ணரை. மாமியார், மச்சினர் குடும்பம், கொழந்தேள், நாள் பூரா டிவி. ஆபீஸ்ல கேக்கவே வேணாம். வடாலாலேர்ந்து வி.டி. வரைக்கும் நான் ஒக்காந்து கண்ண மூடிண்டா, அதுதான் எனக்குன்னு இருக்கற நேரம். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டா. யாருக்கும் நான் பதில் சொல்லவேண்டாம். ஒரு மனுஷி செத்த வாய மூடிண்டு இருக்கறதுக்கு இந்த பாம்பேல வேற எடமே கெடையாது."

பிறகு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நீங்க குடுத்து வெச்சவா மாமி. தனி வீடு. கதவச் சாத்திண்டா சாத்தினதுதான்."

நான் மோரைக் குடித்து முடித்தேன். அழைப்பையும் அதோடு சேர்த்து விழுங்கினேன். தினம் தினம் அவளிடம் என்ன சமையல், எப்போது மழை என்று நான் பிடுங்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து கூசியது. அவளுக்குக் கொஞ்சம் தனிமை வேண்டியிருந்தது. எனக்கு அது மூட்டை மூட்டையாக இருந்தது, ஆனால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அவளுக்குக் கொடுக்க வழியில்லை. அந்த ஒரு சீட்டைத் தவிர.

அவள் என்னை டாக்ஸியில் ஏற்றி, ஓட்டுநரிடம் இந்தியில் கண்டிப்பாக ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு ஓடினாள்.

அதன்பிறகு நான் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. புருவம், தலையசைப்பு, வடாலா. அவளாக ஒன்றிரண்டு நாள் "ஒடம்பு தேவலையா?" என்றாள், தேவலை என்றேன். மகனிடமும் அவளைப் பற்றிக் கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். "அவளுக்கு வேலை அதிகம்" என்றேன். அதிலாவது பொய் இல்லை.

கோடை முடிந்தது. அவர்கள் கோடை என்று சொன்னதில் பாதி மழைதான். தேர்வு வைத்தேன், மதிப்பெண் போட்டேன். தாராவி மாணவி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அடுத்த வருஷமும் வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் ரயிலுக்கு ஓடினாள். அலுவலகத்தில் சாவியை ஒப்படைப்பது பற்றி விளக்கினார்கள். மறுநாள் ஒரு கையெழுத்துக்காக மட்டும் நான் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. அது என் கடைசி ரயில்.

அதற்காகத் தயாராகத்தான் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அதைப் பையில் எடுத்துக்கொண்டேன். இன்று அவள் பெயரைக் கேட்பேன், என் பெயரைச் சொல்வேன், எண்ணைக் கொடுப்பேன், நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்று சொல்வேன். ஒரு தடவை பேசினால் தப்பில்லை என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். வாஷியிலிருந்து செம்பூர் வரை அந்த வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இத்தனை வருடம் வகுப்பெடுத்தவள், ஒரு பெண்ணிடம் பெயர் கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பூரில் அவள் ஏறினாள். கண்களுக்குக் கீழே கருத்திருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என் முன்னால் வந்து நின்று, கம்பியில் கையைக் கோத்து, அந்தக் கையிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். புருவத்தைக்கூடத் தூக்கவில்லை.

நான் எழுந்தேன்.

"வடாலா இன்னும் வரல மாமி" என்றாள்.

"தெரியும். உட்காருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். திலக் நகர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். ஜன்னல் கம்பியில் தலை மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அவள் முன்னால், அவள் தினமும் நிற்கும் இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்று போகும்போதுதான் தெரிந்தது, அந்த இடத்தில் எவ்வளவு நெரிசல் என்று.

குர்லாவில் வழக்கமான பெண்மணி ஏறினாள். தூங்குகிறவளின் தோளைத் தட்டிக் கேட்கக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். "வி.டி." என்றேன். என் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், தூங்குகிறவளைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

வடாலா வந்தது. காப்பிப் பொட்டலம் என் பையில் இருந்தது. எழுப்பினால் அவள் எழுந்திருப்பாள், சிரிப்பாள், பெயரைச் சொல்வாள், இரண்டு நிமிடம் எனக்கு ஒரு தோழி இருந்திருப்பாள். மீதித் தூரம் அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது. நான் எழுப்பாமல் இறங்கினேன். வண்டி கிளம்பியபோது ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. அடுத்த வேலை நாளில் அவள் செம்பூரில் ஏறி, அந்த ஜன்னலில் வேறு யாரையோ பார்த்து, எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டிருப்பாள். கேட்டுத்தானே ஆகவேண்டும்.

ஈப்போவில் என் வீட்டைத் திறந்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். குழாயைத் திறந்தேன், கொஞ்சம் காற்று இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. வெள்ளைக் காப்பியைப் பிரித்து எனக்கு ஒரு கோப்பை கலந்துகொண்டு மகனை அழைத்தேன்.

"ஃப்ரெண்ட்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களாம்மா?" என்றான்.

"இல்லப்பா. அவ தூங்கிட்டு இருந்தா. எழுப்பல."

"சரிம்மா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. சொன்ன மாதிரி இனிமே வீட்டைப் பத்தி, இங்க வர்றதைப் பத்தி நான் பேச மாட்டேன்" என்றான்.

"பேசக் கூடாது" என்றேன், பழைய டீச்சர் குரலில்.

அவன் அப்பாவைப்போல, சொன்ன சொல் மாறாதவன். ஞாயிறுதோறும் அழைக்கிறான். மழையைப் பற்றிக் கேட்கிறான், முழங்காலைப் பற்றிக் கேட்கிறான், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறான். என்னோடு வந்துவிடுகிறீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் காப்பியைக் கலந்து வைத்துக்கொண்டு, அவன் கேட்டுவிட்டால் சொல்ல, முன்பு சொல்லாத ஒரு பதிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.